நிலமும் பொழுதும் இழந்த நினைவு

நினைவென்பது ஒரு பெட்டி. கழிந்த நாட்கள் அதனுள் அடுக்கிக் கிடக்கின்றன. வேண்டும்போது மூடியைத் திறந்து வேண்டியதனை எடுத்துக்கொள்கிறோம் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். ஆகலின் துயருற்ற நண்பரொருவரைக் கண்டால், "பழைய நல்ல நாட்களை நினைத்துப் பார், மனம் தேறும்" என்று சொல்லிவிட்டுப் போதல் எனக்கு எளிதாயிருந்தது. அவ்வறிவுரை ஏன் பயன் தருவதில்லை என்பதனைத் தம் வாழ்நாட் பணியாக ஆராய்ந்தவர் ஒருவர் உளர். அவர் மார்க் வில்லியம்ஸ் என்னும் பெயரினர். இங்கிலாந்து நாட்டு உளநூற் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சியை எனக்கு விளங்கிய அளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

வில்லியம்ஸ் 1952ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1983 முதல் 1991 வரை கேம்பிரிட்ஜ் நகரில் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் உளநூல் நிலையத்திலும், பின்னர் வேல்ஸ் நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்திலும், 2003 முதல் 2012இல் ஓய்வு பெறும்வரை ஆக்ஸ்போர்டிலும் பணியாற்றினார். ஆங்கிலத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்றவருமாவர். ஆய்வுக்கூடத்தையும் திருப்பீடத்தையும் ஒருங்கே அறிந்த ஒருவர், சமய நூலாரும் சட்ட நூலாரும் நெடுங்காலம் கடிந்துரைத்தே ஒதுக்கிய தற்கொலையைப் பொறுமையோடு ஆராய்ந்தார் என்பது நம் கருத்தை ஈர்ப்பதொன்றாம்.

மனச்சோர்வு என்று ஈண்டுக் கூறுவது, தேர்வில் தவறியவன் இரண்டொரு நாள் முகம் வாடியிருக்கும் வாட்டத்தை அன்று. வாரக்கணக்கில் நீங்காது நின்று, உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, முன்னர் விரும்பிச் செய்தவற்றிலும் விருப்பை அழித்து, "யான் எதற்கும் உதவேன்" என்னும் எண்ணத்தை நாடோறும் ஊட்டும் நோய் அது. அந்நோயுற்றார் அனைவரும் தம்முயிரை மாய்த்துக்கொள்ள முற்படுவதில்லை. முற்படுவார் யாவர், அவர் உள்ளத்திலும் மூளையிலும் நிகழ்வது யாது என்னும் வினாவிற்குப் பலர் பல இடங்களில் விடை தேடியுள்ளனர். சுவீடன் நாட்டு மேரி ஆஸ்பெர்க் என்னும் மருத்துவ அம்மையார் 1976இல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை ஆராய்ந்து, செரோடோனின் என்னும் பொருள் சிதைந்து உண்டாகும் எச்சம் அந்நீரிற் குறைந்திருந்த நோயாளரிடையே தற்கொலை முயற்சி மிகுந்திருத்தலைக் கண்டார். அமெரிக்காவில் ஜான் கீல்ப் என்பாரும் உடனாய்வாளரும் 2001இல், உயிருக்கு மிக்க ஊறு நேரும் வகையில் முயன்று பிழைத்தவர்க்கு, திட்டமிடுதல், ஒரு வழி பயன்படாதவிடத்து வேறு வழிக்கு மாறுதல் ஆகிய மூளைத் திறன்கள், மனச்சோர்வு ஒன்றே உடையாரினும் குறைந்திருந்தமையைக் காட்டினர். பிரான்சு நாட்டு ஃபப்ரீஸ் ஜொலான் என்பார் 2005இல், சீட்டுக் கட்டுகளைக்கொண்டு ஆதாயமும் நட்டமும் வருமாறு அமைந்த ஓர் ஆட்டத்தை ஆடச்செய்து பார்த்தபோது, முன்னொருகால் உயிரை மாய்க்க முயன்றோர், சோர்வு நீங்கிய நிலையிலும், தமக்கு நட்டம் தரும் கட்டுகளையே மிகுதியாகத் தேர்ந்தனர். இவை யாவும் அரிய ஆராய்ச்சிகளே. எனினும் நோயாளர் வாய்ச்சொல்லையே ஆய்பொருளாகக் கொண்டமையால், வில்லியம்ஸின் ஆராய்ச்சி தமிழ் பயிலும் என் போன்றாரையும் உள்ளே அழைக்கின்றது.

அவ்வாராய்ச்சி தொடங்கிய விதம் வியப்புடையது. மனம் சோர்ந்தவர்க்குத் தீய நினைவுகள் விரைந்தும் நல்ல நினைவுகள் தாழ்ந்தும் வருகின்றனவா என்று காலத்தை அளந்தறியவே அவர் முற்பட்டார். தம்மை மாய்க்க முயன்று மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு உடல் தேறியவர் சிலரும், அங்ஙனம் முயலாத பிறரும் அவர்முன் அமர்ந்தனர். மகிழ்ச்சி, வெற்றி, வியப்பு, சினம், தனிமை என்றாற் போன்ற சொற்கள் ஒவ்வொன்றாகக் கூறப்பட்டன. அச்சொல் நினைப்பூட்டும் தம் வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றனைக் குறித்த நேரத்திற்குள் அவர் சொல்லல் வேண்டும். அந்நிகழ்ச்சி ஒருநாள் எல்லைக்குள் நடந்ததாகவும், இன்ன இடம் இன்ன பொழுது என்று சுட்டத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வளவே சோதனை.

எதிர்பார்த்தவாறே நல்ல சொற்களுக்கு விடை தாழ்ந்து வந்தது. ஆனால் தாழ்ந்தமைக்குக் காரணம் எதிர்பாராதது. விடைகள் விடையாகவே அமையவில்லை! "மகிழ்ச்சி" என்றவுடன், "சென்ற ஞாயிறன்று மாலை என் தமக்கையின் குழந்தை முதன்முறையாக எழுந்து நடந்தது" என்றாற் போலப் பிறர் விடை கூறினர் என்று கொள்வோம். முயன்று பிழைத்தவரோ, "நண்பரோடு இருக்கும்போது", "முன்பெல்லாம் நடக்கப் போவேன்" என்றாற் போலப் பலநாட் செய்திகளைத் திரட்டி ஒன்றாக்கிக் கூறினர். "குறிப்பாக ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று வேண்டியபின்னும் அந்நாள் அவர்க்கு எளிதில் அகப்படவில்லை. கால அளவைக் கணக்கிடக் கருவியோடு அமர்ந்தவர், கருவியை ஒருபுறம் வைத்துவிட்டு, இஃதென்னை என்று அவ்விடைகளையே ஆராயத் தலைப்பட்டார். கீத் பிராட்பென்ட் என்பாரோடு சேர்ந்து அவர் இதனை வெளியிட்டது 1986ஆம் ஆண்டில்.

தொல்காப்பியம் பயில்வார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், புணர்தல் பிரிதல் முதலியன உரிப்பொருள் என்றும் நாம் கற்கின்றோம். நிலமும் பொழுதும் அகப்பாட்டிற்கு நிற்க இடம் தருவன. சோர்வுற்றார் நினைவில் உரிப்பொருள் மட்டும் எஞ்சி நிற்க, முதற்பொருள் உதிர்ந்துவிடுகின்றது. துயரம் இருக்கின்றது, அஃது எந்நிலத்தில் எப்பொழுதில் என்பது இல்லை. ஒப்புமை என்னுடையது, வில்லியம்ஸ் மீது ஏற்றுதல் முறையன்று.

இச்செய்தியை உளநூல் பயிலும் மாணவர் ஒருவர் வாயிலாக முதன்முறை கேட்ட அன்றிரவே, விளையாட்டாக எங்கள் விடுதியில் நண்பர் நால்வரிடம் அச்சோதனையைச் செய்து பார்த்தேன். "மகிழ்ச்சி" என்றேன். ஒருவர், விடுமுறைக்கு ஊர் சென்றபோது புகைவண்டி நிலையத்தில் தம் பாட்டி கையில் முறுக்குப் பொட்டலத்தோடு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்ததைச் சொன்னார். மற்றொருவர் "கிரிக்கெட் ஆடும்போது" என்று பொதுவாகத் தொடங்கி, யான் மீண்டும் வினவியதும், ஒரு சனிக்கிழமையையும் ஒரு கேட்சையும் நெடுநேரம் விரித்துரைத்தார். நான்காமவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து, "வீட்டில் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்றார். எந்த நாள் என்றேன். "எல்லா நாளும் ஒன்றுதானே" என்றார். நாங்கள் நகைத்தோம். இச்சோதனை நோயைக் கண்டுபிடிக்கும் கருவியன்று; ஒருவர் ஒரு முறை விடை சொல்லாமையால் அவரை நோயாளர் என்று கொள்ளுதல் பெரும் பிழையாம். எனினும் அன்று நகைத்ததனை நினைக்கும்தோறும் எனக்கு நாணம் உண்டாகின்றது. அவர் பல கிழமைகளாக உறக்கமின்றி இருந்தார் என்பது பின்னரே தெரிந்தது.

நிற்க. நினைவு ஏன் இங்ஙனம் பாதி வழியில் நின்றுவிடுகின்றது? நினைவைத் தேடுதல், மாடியினின்றும் படிப்படியாகக் கீழறைக்கு இறங்குவதை ஒக்கும் என்பர். மேற்படியில் "யான் பள்ளியிற் பயின்ற காலம்" என்றாற் போன்ற நெடுங்காலப் பகுதிகள் உள. அதன்கீழ் "பள்ளி ஆண்டு விழாக்கள்" என்றாற் போன்ற தொகுதிகள். அடியிற்றான் ஒருநாள் மாலை ஒரு மேடையில் ஒரு விளக்கின்கீழ் நின்ற நிகழ்ச்சி கிடக்கின்றது. நலமுடையார் இமைப்பொழுதில் இறங்கிவிடுகின்றனர். சோர்வுற்றாரோ நடுப்படியில் நின்றுவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் மூன்று என்று வில்லியம்ஸும் உடனாய்வாளரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் வகுத்தனர். தோல்வி, தகுதியின்மை என்னும் பொதுச்சொற்கள் நடுப்படியிலேயே ஒன்றையொன்று பற்றி இழுத்து, "ஏன் எனக்கு மட்டும் இவ்வாறு" என்னும் ஓயாத அசைபோடலில் ஆழ்த்திவிடுதல் ஒன்று. மற்றொன்று, அடிப்படியில் துன்பமே கிடக்கும் என்று அஞ்சி உள்ளம் தானே இறங்க மறுத்தல். இளமையிற் கொடுமைக்கு ஆட்பட்ட குழந்தை, குறிப்பிட்ட நிகழ்ச்சியை நினைத்தால் நெஞ்சு வேகும் என்று அறிந்து, பொதுப்படியோடு நிற்கப் பழகிக்கொள்கின்றது. அன்றைக்கு அது காப்பாக உதவிற்று. ஆனால் வளர்ந்தபின், தீயதை மறைக்க இட்ட அத்திரையே நல்லதையும் மறைத்துவிடுகின்றது. எனக்கு இம்மூன்றனுள் இதுவே மிகவும் இரக்கத்திற்குரியதாகத் தோன்றுகின்றது. எஞ்சியது மூளையின் ஆளும் திறம் தளர்தல். படியிறங்கித் தேடுவதற்கு வேண்டாதவற்றை விலக்கி, வேண்டியதைப் பற்றிநிற்கும் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலுக்கு நெற்றியின் உட்புறத்தமைந்த முன்மூளைப் பகுதி இன்றியமையாதது. கீல்ப் கண்ட குறையும் இவ்வகையினதே.

நினைவு பொதுவாய்ப் போனால் என்ன கேடு என்று வினவலாம். வினவத் தக்கதே. கேடு பழைய நாட்களோடு நிற்பதில்லை. அது வரும் நாட்களையும் பற்றிக்கொள்கின்றது. 1992இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஒரு கதையின் தொடக்கமும் முடிவும் கொடுத்து நடுப்பகுதியை நிரப்பச் செய்யும் முறை கையாளப்பட்டது. ஒருவன் ஒரு தெருவிற்குப் புதிதாகக் குடிவருகின்றான், அங்கே அவனுக்கு அறிந்தார் ஒருவருமில்லை. கதை முடியும்போது அவனுக்கு நல்ல நண்பர் பலர் இருக்கின்றனர். இடையே அவன் செய்ததென்ன என்றாற் போன்ற வினா அது. தனிநினைவு குன்றியவரே இதற்குப் பயன்படத்தக்க வழி கூற இயலாதவராயும் இருந்தனர். காரணம் வெளிப்படை. முன்னொருநாள் கிணற்றடியில் ஒருவரிடம் வாளி இரவல் கேட்டுப் பேச்சுத் தொடங்கிய நினைவுடையவனுக்கு, நாளைக்குச் செய்வதற்கு ஒரு வழி கையில் இருக்கின்றது. "மனிதர் என்னோடு பழகுவதில்லை" என்னும் பொதுமொழி மட்டும் உடையவனுக்குக் கையில் ஒன்றுமில்லை.

1996ஆம் ஆண்டில் மற்றொன்று தெளிவாயிற்று. முயன்று பிழைத்தவரிடம் எதிர்காலத்தில் நிகழக்கூடிய நிகழ்ச்சிகளைக் கற்பனை செய்யுமாறு கேட்டபோது, அவையும் நிலமும் பொழுதுமற்ற பொதுப் படங்களாகவே வந்தன. நாளையை நாம் நேற்றைய துண்டுகளைக்கொண்டே தைக்கின்றோம் போலும். துண்டு இல்லையேல் தையல் ஏது? "எனக்கு எதிர்காலம் இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அது மிகைப்படுத்திய புலம்பல் என்று நாம் கடந்துபோகின்றோம். அவரைப் பொறுத்தவரை அஃது உள்ளபடி கூறும் கூற்றாகவே இருக்கலாம். உள்ளத்தில் அவர் பார்க்குமிடத்தில் ஒரு படமும் இல்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து 1997இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தற்கொலை முயற்சியை உதவி வேண்டிக் கூவும் கூக்குரல் என்று கூறுதல் அக்காலத்து வழக்கு. வில்லியம்ஸ் அதனை மறுத்து, அது நோவின் கூக்குரல் என்றார். தோற்ற பறவை பறந்தோட விரும்புகின்றது, ஓட வழியில்லை, மீட்பாரும் இல்லை. தோல்வி, வழியின்மை, மீட்பின்மை மூன்றும் ஒருங்கு கூடியவிடத்து எழும் ஓலம் அது. பிறர் கேட்டு ஓடிவரவேண்டும் என்னும் நோக்கத்தாற் கூவியதன்று. கேட்டவர் ஓடிவரலாகாது என்பதும் அன்று. "கவனத்தை ஈர்க்கவே செய்தான்" என்று பேசும் நா இவ்வேறுபாட்டை அறிதல் நன்று. வழியின்மை உண்மையில் இருக்கவேண்டுவதில்லை என்பதும் கருதத்தக்கது. நினைவு நடுப்படியில் நின்றவனுக்கு, இருக்கின்ற வழியும் புலப்படுவதில்லை.

சட்டமும் சமயமும் இதனை உணர நாளாயிற்று. இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடுந்துயருக்கு ஆட்பட்டவராகவே முதற்கண் கருதவேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சமயத்தைப் பற்றிக் கூறுமிடத்து எலியா தீர்க்கதரிசியின் வரலாறு நினைவிற்கு வருகின்றது. சூரைச்செடியின்கீழ் இருந்து சாவை வேண்டியவனை ஆண்டவர் கடிந்ததாக அவ்வரலாற்றில் இல்லை. முதலில் உறக்கமும் சுட்ட அடையும் நீரும் கிடைத்தன. பின்னர், தான் ஒருவனே மீந்திருப்பதாக அவன் முறையிட்டபோது, செல்லவேண்டிய வழியும், காணவேண்டிய மூவர் பெயரும், மீந்திருப்போர் 7000 பேர் என்னும் தொகையும் விடையாக வந்தன. பொதுமொழிக்கு இடமும் பெயரும் எண்ணும் விடையாயின. நம் பிரசங்கங்களில் இப்பகுதியை இந்நோக்கில் விளக்கக் கேட்டதில்லை.

இனி மருந்துண்டோ எனின், உண்டு. நடுப்படியில் நிற்கும் பழக்கம் கற்றதொன்றாயின், கீழிறங்கும் பழக்கத்தையும் கற்பிக்கலாமன்றோ? பெல்ஜியம் நாட்டில் பிலிப் ராஸ் என்பார், வில்லியம்ஸ் முதலியோரோடு கூடி, தனிநினைவை வருவிக்கும் பயிற்சி ஒன்றை அமைத்து 2009இல் வெளியிட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு நிகழ்ச்சி, பின் அதே சொல்லுக்கு வேறொன்று, அன்று என்ன உடுத்தியிருந்தாய், வெயிலா மழையா, யார் உடனிருந்தார் என்று நுணுக்கமாகக் கேட்டுக் கேட்டுப் பழக்குதலே அதன் முறை. போரில் தந்தையை இழந்து ஈரான் நாட்டிற் புகுந்த ஆப்கானியச் சிறுவரிடையே இப்பயிற்சி நடத்தப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. பயின்றோர்க்கு நினைவு தெளிவுற்றதோடு, சில திங்கள் கழித்தும், பயிலாதாரினும் சோர்வு குறைந்திருந்தது. சிறு தொகையினரிடத்து நடந்த ஆராய்ச்சி ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளற்க.

வில்லியம்ஸ் தாமே முன்னின்று அமைத்த முறை வேறு. கனடாவின் சிண்டெல் சீகல், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல் என்னும் இருவரோடு சேர்ந்து, மூச்சையும் உடலையும் நிகழ்கணத்தையும் கருத்தோடு நோக்கியிருக்கும் பயிற்சியை உளமருத்துவத்தோடு இணைத்தார். சோர்வு நோய் தீர்ந்தவரிடத்து மீளாதபடி காப்பதே அதன் நோக்கம். 145 பேரை மூன்று நகரங்களில் 60 வாரம் தொடர்ந்து நோக்கி 2000இல் வெளியிட்ட முடிவு இது: மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றவர்க்கு அது மீளும் அளவு ஏறக்குறையப் பாதியாயிற்று, இரண்டு முறையே உற்றவர்க்குப் பயன் காணப்படவில்லை. 2014இல் 274 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியிலோ, மொத்தமாக நோக்கியபோது, இப்பயிற்சி ஏனையவற்றினும் தெளிவாக மேம்பட்டதாகத் தோன்றவில்லை. இளமையிற் பெருங்கொடுமைக்கு ஆட்பட்டவரிடத்தே மட்டும் பயன் விளங்கிற்று. தமக்கு மாறாக வந்த பகுதியையும் மறையாது வெளியிட்டமையால் அவர்மேல் எனக்கு மதிப்பு மிகுந்தது. இப்பயிற்சி கடுந்துயரில் அக்கணமே உயிர்துறக்க நினைப்பவர்க்கு உரியதன்று என்பதும் தெளிவு. அவரிடம் உடனிருத்தலும், தனியே விடாமையும், மருத்துவரிடம் சேர்த்தலுமே செயல். 2022 அக்டோபர் முதல் நம் அரசு நடத்தும் டெலி மானஸ் என்னும் தொலைபேசித் துணை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கின்றது. சென்னையில் 1986 முதல் சினேகா என்னும் தொண்டு நிலையம், தற்கொலை எண்ணமுடையார் கூறுவதனைக் கேட்பதனையே பணியாகக் கொண்டிருக்கின்றது.

எங்கள் நான்காம் நண்பரைப் பற்றி ஒன்று கூறி நிறுத்துகின்றேன். ஒருநாள் யானே கேட்டேன், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று. இவ்வாறு வெளிப்படையாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்று பலர் அஞ்சுவர். அங்ஙனம் விதைப்பதில்லை என்று இத்துறையார் கூறுகின்றனர். அவர் உடனே மறுக்கவில்லை. விடுதிக் காப்பாளரிடமும், பின் மருத்துவரிடமும் இருவருமாகச் சென்றோம். இப்போது மருந்து உண்கிறார். சில நாள் வகுப்பிற்கு வருகிறார், சில நாள் வருவதில்லை. மாலையில் விளையாட்டுத் திடலைச் சுற்றி நடக்கும்போது "எப்படி இருக்கிறாய்?" என்று யான் இப்போது கேட்பதில்லை. அதற்கு அவரிடம் "அப்படியேதான்" என்னும் பொதுமொழியே விடையாயிருந்தது. "இன்று காலை உணவுக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேட்கின்றேன். முதற் கிழமை நினைவில்லை என்றார். சென்ற வியாழக்கிழமை சற்று நின்று யோசித்து, "முதலாண்டுப் பையன் ஒருவன். என் சட்டினியையும் சேர்த்து அவனே தின்றுவிட்டான்" என்றார்.